ஓவியத்தை ஆட வைத்தவர்

இளம் அறிவியல் இரண்டாமாண்டு, இயற்பியல் துறை

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கண்ணால் காண்பது எவ்வாறு பொய்யாகிறது, எத்தனை நேரம் பொய்யாக நிற்கிறது, அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு என்னதான் செய்யலாம் என்று அளந்து பார்த்த மனிதர் ஒருவர் பெல்ஜியம் நாட்டில் வாழ்ந்தார். திரையரங்கில் நாம் காணும் படம், தொலைக்காட்சியில் செய்திக்கு முன்னால் சுழன்று வரும் உலக உருண்டை, பண்டிகை நாளில் கைப்பேசிக்கு வந்து சுடர் அசைக்கும் குத்துவிளக்கு, கணினியில் மோஷன் கிராஃபிக்ஸ் என்ற பெயரில் எழுத்தும் கோடும் ஆடுகின்ற ஆட்டம் ஆகிய இவற்றுக்கெல்லாம் ஒரு கொள்ளுப்பாட்டனார் உண்டென்றால் அவர் இவர்தாம். பெயர் ஜோசப் பிளாட்டோ.

பெயரைக் கேட்டவுடன் கிரேக்க நாட்டுத் தத்துவ ஞானியை எண்ணிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். நூலகத்தில் பிளாட்டோ என்று கேட்டதற்கு அரசியல் துறை அலமாரியிலிருந்து தடித்த நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அதில் அட்டைத் தட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நம்மவர் இயற்பியல் பேராசிரியர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னால் வந்தவர்.

1801ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஓவியர், மலர்களை வரைவதில் கைதேர்ந்தவர். மகனும் ஓவியனாக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கென்றே ஓவியப் பள்ளியில் சேர்த்தும் விட்டார். ஆனால் பதினான்கு வயது நிறைவதற்குள் தாயையும் தந்தையையும் அடுத்தடுத்து இழந்து நின்றான் சிறுவன். உடன்பிறந்த பெண்கள் இருவர். தாய்மாமன் எடுத்து வளர்த்தார். அவர் வழக்கறிஞர். தாய்மாமன் வீட்டில் வளர்கிற பிள்ளைக்குத் தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது நம்மில் சிலருக்குத் தெரியும். 1822இல் லியேஜ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார் பிளாட்டோ. சட்டத்தோடு அறிவியலும் சேர்த்துப் படித்தார். சட்டம் பின்தங்கியது, அறிவியல் வென்றது. இதற்கு அடித்தளம் இட்டவர் பிரஸ்ஸல்ஸ் பள்ளியில் அவருக்குக் கணிதம் கற்பித்த அடோல்ஃப் கெத்தலே. புள்ளியியல் மாணவர்கள் அறிந்த அதே கெத்தலேதான். ஆசிரியருக்கும் மாணவருக்கும் வயது இடைவெளி ஐந்தே ஆண்டுகள். பின்னாளில் அவர்கள் நண்பர்களானார்கள். பிளாட்டோவின் முதல் கட்டுரைகள் பலவும் கெத்தலே நடத்திய ஆய்விதழில்தான் வெளிவந்தன.

படிப்புச் செலவுக்கும் குடும்பத்துக்குமாக லியேஜ் நகரப் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்துக்கொண்டே ஆய்வு செய்தார். 1829இல் முனைவர் பட்டத்துக்கு அவர் அளித்த ஆய்வேடு வெறும் 27 பக்கங்கள். நம் ஆய்வக ஏடு அதைவிடப் பருமனாக இருக்கும்! ஒளி கண்ணில் ஏற்படுத்தும் பதிவுகளின் சில தன்மைகள் என்பதே அதன் பொருள்.

கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறது. இதைக் காணாத பிள்ளை இல்லை. கார்த்திகைக்கு மாவலி சுற்றியவர்களுக்கு விளக்கவும் வேண்டாம். கொள்ளி ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது விட்டுச் சென்ற இடத்திலும் நம் கண் அதைக் கண்டுகொண்டே இருக்கிறது. ஒளி நின்ற பிறகும் கண்ணில் அதன் பதிவு சற்று நேரம் நிற்கிறது என்பதே இதற்குப் பொருள். அந்தச் சற்று நேரம் எவ்வளவு என்பதுதான் பிளாட்டோ எழுப்பிய கேள்வி. கறுப்புத் தட்டில் வண்ணப் பட்டையைத் தீட்டிச் சுழலவிட்டார். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே அளந்தார். பதிவு முழுவதும் மங்கி மறைய ஏறத்தாழ ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிறதென்று கண்டார். நிறத்துக்கு நிறம் சிறு வேறுபாடு உண்டு என்றும் குறித்தார். வேகமாக விட்டுவிட்டு எரியும் ஒளி, கண்ணுக்கு விடாமல் எரியும் மங்கலான ஒளியாகத் தெரியும்; அதன் பொலிவு மொத்த நேரத்தின் சராசரிக்குச் சமம். இந்த விதி இன்று ஒளிப்படக் கலையின் முன்னோடியான டால்பட் பெயரோடு இணைந்து டால்பட்–பிளாட்டோ விதி என்று வழங்குகிறது. இன்று எல்.இ.டி. விளக்குகள் பலவற்றை மங்கலாக்கும் முறையும் இதுவே. விளக்கு உண்மையில் மங்குவதில்லை. நாம் அறியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது.

அதே 1829இல்தான் அந்தப் புகழ்பெற்ற விபரீதம் நிகழ்ந்தது. மிகுந்த ஒளிக்குக் கண் எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்று அறிவதற்காக நண்பகல் சூரியனை வெறுங்கண்ணால் ஏறத்தாழ 25 நொடிகள் உற்று நோக்கினார். சில நாட்கள் பார்வையே இல்லை. பிறகு திரும்பியது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1843இல், அவர் முற்றிலும் பார்வையிழந்தார். இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி, அறிவியலுக்காகத் தன் கண்களைப் பலி கொடுத்தவர் என்று எழுதுவது நெடுநாள் வழக்கம். நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். படிக்கப் படிக்க அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டியதாயிற்று. சூரியனை உற்று நோக்கினால் விழித்திரையின் நடுப்பகுதி சுடப்படும். நேராகப் பார்க்கும் இடத்தில் கரும்புள்ளி விழும். கண் முழுவதும் படிப்படியாக இருண்டு போவது அதன் இயல்பு அன்று. பிளாட்டோவுக்கு 1841 முதல் கண்களில் கடுமையான அழற்சி ஏற்பட்டது. விழியின் உட்படலத்தில் நீடித்த அழற்சியே அவர் பார்வையைப் பறித்திருக்க வேண்டும் என்பது இக்கால மருத்துவர் கருத்து. தியாகக் கதை கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் சராசரிப் பிழையைக் கூடக் கணக்கிட்டுச் சொன்ன மனிதரின் வாழ்க்கையைப் பொய்க் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் சூரியனைப் பார்க்கலாம் போலும் என்று முதலாண்டு நண்பர்கள் யாரும் மொட்டை மாடிக்குக் கிளம்பிவிட வேண்டாம். நடுப்பார்வை போனாலும் போனதுதான்.

அடுத்துத் தட்டின் கதைக்கு வருவோம்.

இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே 1831இல் சுழலும் பற்சக்கரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சக்கரத்தின் பற்களுக்கிடையே மற்றொரு சக்கரத்தைப் பார்த்தால், வேகமாகச் சுழலும் சக்கரம் நின்றுவிட்டது போலத் தோன்றும். இதே வகைத் தோற்றங்களைப் பற்றித் தாம் முன்பே எழுதியிருப்பதைப் பிளாட்டோ எடுத்துக்காட்டினார். ஃபாரடே அதைத் தயங்காமல் ஒப்புக்கொண்டார். உலகப் புகழ் பெற்றவர், இளைஞர் ஒருவருக்கு முதலிடம் விட்டுக்கொடுத்தார். இந்த இடத்தைப் படித்தபோது ஃபாரடே மீது எனக்கிருந்த மதிப்பு இன்னும் கூடியது.

ஆனால் பிளாட்டோ அத்துடன் நிற்கவில்லை. சுழலும் தட்டு நின்றது போலத் தோன்றுகிறதென்றால், அதன் ஒவ்வொரு பகுதியிலும் சற்றே மாறுபட்ட படத்தை வரைந்துவிட்டால் என்ன ஆகும்? ஓவியரின் மகனல்லவா! 1832இல் வட்டமான அட்டை ஒன்றைப் பதினாறு பகுதிகளாகப் பிரித்தார். விளிம்பைச் சுற்றிப் பதினாறு பிளவுகள். பகுதிக்கு ஒன்றாக, சுழன்றாடும் நடனக்காரர் ஒருவரின் பதினாறு நிலைகளை வரைந்தார். படங்கள் கண்ணாடியைப் பார்க்குமாறு தட்டைப் பிடித்துச் சுழற்றி, பின்புறமிருந்து பிளவுகளின் வழியே கண்ணாடியை நோக்கினார். ஓவியம் ஆடியது. 1833 சனவரியில் எழுதிய கடிதம் ஒன்றின் வாயிலாக அதை உலகுக்கு அறிவித்தார். ஃபெனகிஸ்டிஸ்கோப் என்று வாயில் நுழையாத கிரேக்கப் பெயர் அதற்கு நிலைத்தது. ஏமாற்றுவது என்னும் சொல்லடியாகப் பிறந்த பெயர். அதே நேரத்தில், 1832 டிசம்பரில், வியன்னாவில் சைமன் ஸ்டாம்ப்ஃபர் என்னும் பேராசிரியரும் தனியே இதே தட்டைச் செய்து முடித்திருந்தார். ஸ்டாம்ப்ஃபர் 1833இல் காப்புரிமை பெற்றார். பிளாட்டோ பெறவில்லை. லண்டன் கடைகளில் ஃபாண்டாஸ்கோப் என்ற பெயரில் தட்டுகள் விற்பனைக்கு வந்தன; பிற ஊர்களில் யார் யாரோ அச்சிட்டு விற்றார்கள்.

புத்தகத்தில் படித்துப் பார்த்து எனக்கு இது பிடிபடவில்லை. விடுமுறையில் வீட்டில் செய்தே பார்த்தேன். சென்ற ஆண்டு நாட்காட்டியின் அட்டை; முப்பது சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டமாக வெட்டினேன். பதினாறுக்குப் பொறுமையின்றிப் பன்னிரண்டு பிளவுகளே போட்டேன். பின்புறம் முழுவதும் கறுப்பு மை. நடுவில் குண்டூசி குத்திப் பென்சிலின் முனையில் பொருத்தி, அம்மாவின் பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்றேன்.

முதலில் தெரிந்துகொண்டது, இருட்டின் அருமை. பிளவு இல்லாமல் தட்டை நேரே பார்த்தால் படங்கள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் வளையமாகிவிடுகின்றன. பிளவு கண்ணைக் கடக்கும் கணத்தில் ஒரு படம். அடுத்த பிளவு வரும் வரை கறுப்பு. படம், இருட்டு, படம், இருட்டு. இந்த இருட்டுதான் ஒரு படத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. பிளவை மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டியிருந்தேன். படம் தெளிவாக இருந்தது, ஆனால் மங்கல். வெளிச்சம் போதவில்லை என்று எட்டு மில்லிமீட்டருக்கு அகலமாக்கினேன். வெளிச்சம் வந்தது, தெளிவு போயிற்று. ஒன்றைப் பெற வேண்டுமானால் ஒன்றைக் கொடுக்கத்தான் வேண்டும். படக்கருவியில் திறப்பு நேரம் என்று சொல்வது இதைத்தான்.

அடுத்தது எண்ணிக்கை. பிளவுகளும் படங்களும் சமமாக இருந்தால் உருவம் நின்ற இடத்திலேயே ஆடும். பன்னிரண்டு பிளவுக்குப் பதின்மூன்று படம் வரைந்தால், ஆடிக்கொண்டே தட்டு சுழலும் திசையில் ஊர்வலம் போகும். பதினொரு படம் வரைந்தால் ஊர்வலம் பின்னோக்கிப் போகும். காரணம் எளிது. ஒரு பிளவிலிருந்து அடுத்த பிளவுக்குள் தட்டு பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று சுற்றிவிடுகிறது. படங்களோ பதின்மூன்றில் ஒரு பங்கு இடைவெளியில் இருக்கின்றன. எனவே ஒவ்வொரு முறையும் அடுத்த படம் சற்று முன்னே வந்து நிற்கிறது. திரைப்படத்தில் மாட்டு வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போலத் தோன்றுவதும் இந்தக் கணக்கே.

தட்டுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. பன்னிரண்டாம் படத்துக்குப் பின் முதற்படம் வருகிறது. ஆகவே பன்னிரண்டாவதை வரையும்போதே முதலாவதை மனத்தில் வைத்து வரைய வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெட்டு விழும். இன்று கணினியில் அனிமேஷன் பயில்வோர் லூப் என்று கூறுவது இதுவே. கைப்பேசியில் ஓயாமல் சுடர் அசைக்கும் அந்தக் குத்துவிளக்கும் வட்டமாய் வளைத்துக் கட்டிய படவரிசைதான்.

நான் பெரிதும் கற்றது மூன்றாவது பாடத்தில். துள்ளும் பந்து ஒன்றை வரைய முடிவு செய்தேன். உச்சியிலிருந்து தரை வரை 36 மில்லிமீட்டர். இறங்க ஆறு அடி, ஏற ஆறு அடி. முப்பத்தாறை ஆறால் வகுத்து, படத்துக்குப் படம் ஆறு மில்லிமீட்டர் இறக்கிக்கொண்டே போனேன். சுழற்றினால் பந்து இறங்கியது, ஏறியது, ஆனால் துள்ளவில்லை. கிணற்று வாளி போல ஏறி இறங்கியது. பக்கத்தில் நின்று பார்த்த அப்பத்தா, இதை மேலேயிருந்து யாரோ கயிறு கட்டி இழுக்கிறார்களா என்று கேட்டார்.

அப்பத்தா பள்ளிக்கூடம் போனவரல்லர். ஆனால் அவர் கேட்டது நியூட்டன் கேட்க வேண்டிய கேள்வி. கயிறு கட்டி இழுத்தால்தான் பொருள் சீரான வேகத்தில் இறங்கும். தானே விழும் பொருள் சம நேரங்களில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப் படையாகக் கூடும் என்று முதற்பருவத்தில் எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த ஒற்றைப் படைகள் ஆறையும் கூட்டிப் பாருங்கள்: 1, 3, 5, 7, 9, 11. கூட்டுத்தொகை 36! என் அட்டையின் உயரமே அதுதான். உச்சிக்கருகில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியும் தரைக்கருகில் பதினொரு மில்லிமீட்டர் இடைவெளியும் விட்டு மறுபடி வரைந்தேன். பந்து துள்ளியது. உச்சியில் சற்றே தயங்கி நின்று, பிறகு பாய்ந்து இறங்கியது. நேற்று வரை தேர்வுக்கு மட்டும் உதவிய சூத்திரம் பீரோ கண்ணாடிக்குள் குதித்துக்கொண்டிருந்தது. அப்பத்தா கயிற்றைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

இன்றைய மோஷன் கிராஃபிக்ஸ் மென்பொருளில் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் மட்டும் நாம் குறித்தால் போதும். அவற்றைக் கீஃபிரேம் என்பர். இடைப்பட்ட படங்களைக் கணினியே நிரப்பிக்கொள்ளும். ஆனால் அவற்றைச் சம இடைவெளியில் நிரப்புவதா, மெல்லத் தொடங்கி விரைவதா, விரைந்து வந்து மெல்ல அடங்குவதா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு பெயர்ப்பலகை திரையில் வந்து நிற்பதைப் பார்த்தாலே செய்தவர் இதை அறிந்தவரா என்று தெரிந்துவிடும். படங்களின் எண்ணிக்கை நேரத்தைத் தருகிறது. படங்களுக்கிடையே உள்ள தொலைவு எடையைத் தருகிறது. ஒரே பன்னிரண்டு படத்தில் பஞ்சும் வரையலாம், இரும்புக் குண்டும் வரையலாம்.

இங்கே ஒரு திருத்தமும் சொல்லியாக வேண்டும். பதிவு கண்ணில் நிலைத்து நிற்பதால்தான் படம் ஓடுவதாகத் தெரிகிறது என்று பாடநூல்களில் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பிளாட்டோவும் அவ்வாறே எண்ணினார். பதிவு நிற்பது உண்மை. ஆனால் அது மட்டும் காரணமானால் பன்னிரண்டு பந்துகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கறையாகத் தெரிய வேண்டுமே தவிர, ஒரு பந்து துள்ளுவதாகத் தெரியக் கூடாது. இங்கிருந்த உருவம் அங்கே சென்றது என்று இணைத்துக்கொள்வது மூளை. மாக்ஸ் வெர்தைமர் 1912இல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து இத்துறை தனியே வளர்ந்திருக்கிறது. பிளாட்டோவின் தட்டு சரி. விளக்கத்தில் பாதி சரி. அறிவியலில் பாதி சரியாக இருப்பதே பெரிய காரியம்.

1835இல் பிளாட்டோ கென்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். 1840இல் திருமணம். அடுத்த ஆண்டில் மகன் ஃபெலிக்ஸ் பிறந்தான். அதே ஆண்டில்தான் கண்நோயும் தொடங்கியது. மகனுக்கு இரண்டு வயதாகும்போது தந்தைக்குப் பார்வை முற்றிலும் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அதன் பின் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். வகுப்பு எடுக்கும் பணி நின்றது. ஆய்வு நிற்கவில்லை. இன்னும் சொல்லப்போனால், உலகின் பல்கலைக்கழகங்கள் அவரை நினைவில் வைத்திருப்பது பெரிதும் அந்த இருண்ட நாற்பது ஆண்டுகளில் அவர் செய்த வேலைக்காகத்தான்.

சாராயத்தையும் நீரையும் தக்க அளவில் கலந்து, ஆலிவ் எண்ணெயின் அடர்த்திக்குச் சமமான ஒரு திரவத்தை உண்டாக்குவார். அதில் எண்ணெயை விட்டால் அது மிதக்காது, மூழ்காது. புவியீர்ப்பின் விளைவு நீங்கிப் பரப்பு இழுவிசை மட்டும் ஆள்வதால் எண்ணெய் முழுக் கோளமாகத் திரண்டு நிற்கும். அதன் நடுவே அச்சைச் செலுத்திச் சுழற்றினால் துருவங்களில் தட்டையாகும். இன்னும் வேகமாகச் சுழற்றினால் வளையமாகப் பிரியும். பிறகு சோப்புப் படலங்கள். சோப்புக் கரைசலில் கிளிசரின் சேர்த்துப் பல மணி நேரம் உடையாத படலங்களைச் செய்தார். கம்பிச் சட்டங்களை அதில் நனைத்து எடுத்து, படலங்கள் கூடும் இடங்களை ஆராய்ந்தார். எத்தனை விதமாகச் சட்டத்தை வளைத்தாலும் மூன்று படலங்களே ஒரு கோட்டில் கூடும். அவற்றிடையே கோணம் 120 பாகை. நான்கு கோடுகளே ஒரு புள்ளியில் கூடும். அவற்றிடையே கோணம் ஏறத்தாழ 109 பாகை 28 கலை. வேதியியல் துறை நண்பர்கள் இந்த எண்ணைக் கண்டதும் மீத்தேனை நினைப்பார்கள். நினைக்கட்டும், வடிவியல் ஒன்றுதான்.

கண்ணில்லாதவர் சோப்புக் குமிழியை ஆராய்ந்தது எப்படி? தொட்டால் உடைந்துவிடும் பொருள் அது. தடவிப் பார்த்து அறியவும் வழியில்லை. சோதனையை அவர் மனத்தில் அமைப்பார். இன்ன அளவில் கம்பி, இன்ன அளவில் கரைசல், இந்தப் பக்கமாகச் சாய்த்து மெல்ல எடுக்க வேண்டும் என்று சொல்வார். செய்து பார்ப்பவர்கள் பிறர்: உடன் பணியாற்றிய டுப்ரே, லமார்ல், வளர்ந்த பின் மகன் ஃபெலிக்ஸ், மகளை மணந்த வான் டெர் மென்ஸ்ப்ருகே. அவர்கள் கண்டதைச் சொல்ல, இவர் கேட்டு, அடுத்த சோதனையைச் சொல்லி, முடிவைச் சொல்லச் சொல்ல எழுதவும் வைப்பார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. என் தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்பிலிருந்து வீட்டுக்கு வரும் காகிதங்களை எல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். எட்டாம் வகுப்பில் ஒருமுறை கடன் சம்பந்தமான அறிவிப்பு ஒன்று வந்தது. விளையாடப் போகும் அவசரம். நீளமான அந்தக் காகிதத்தில் முக்கியம் என்று எனக்குப் பட்டதை மட்டும் படித்துவிட்டு ஓடிவிட்டேன். கடைசியில் இருந்த தேதியைச் சொல்லவில்லை. தவணை தவறி அபராதம் கட்ட நேர்ந்தது. அப்பா என்னை அடிக்கவில்லை. அந்த அறிவிப்பை மறுபடி எடுத்து வரச் சொல்லி, தலைப்பிலிருந்து கையெழுத்து வரை ஒரு சொல் விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டார். அன்றிலிருந்து அச்சகத்தின் பெயரைக்கூட விடாமல் படித்து வருகிறேன்.

ஆகவே பிளாட்டோ தம் உதவியாளர்களிடம் எவ்வளவு கேள்விகள் கேட்டிருப்பார் என்று என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது. நான்கு படலம் ஒரு கோட்டில் கூடியது போலத் தெரிகிறது என்று ஒருவர் அசட்டையாகச் சொல்லியிருந்தால் அந்த விதி பிறந்தே இருக்காது. பிறர் கண்ணை நம்பி வாழ்பவர், அந்தக் கண் எதை விட்டுவிடும், எதைத் தானே சேர்த்துக்கொள்ளும் என்று அறிந்திருக்க வேண்டும். கண்ணின் பொய்யை அளந்து முனைவர் பட்டம் பெற்றவருக்கு அது தெரிந்தேயிருக்கும்.

இந்த உழைப்பெல்லாம் 1873இல் இரண்டு தொகுதிகள் கொண்ட பெருநூலாக வெளிவந்தது. கம்பி எந்த வடிவில் வளைந்திருந்தாலும் அதைத் தழுவி மிகக் குறைந்த பரப்புடைய படலம் ஒன்று உண்டா என்ற கேள்வி கணிதத்தில் இன்றும் பிளாட்டோ கணக்கு என்றே வழங்குகிறது. லக்ராஞ்ச் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுப்பிய கேள்விதான். பெயர் மட்டும் இவருக்குப் போயிற்று. ஜெஸ்ஸி டக்ளஸ், டிபோர் ராடோ என்னும் இருவர் 1930ஐ ஒட்டித் தனித்தனியே அதற்கு விடை கண்டனர். 1936இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஃபீல்ட்ஸ் பதக்கங்கள் இரண்டில் ஒன்று டக்ளசுக்கு இதற்காகவே கிடைத்தது. 120 பாகை, 109 பாகை விதிகளுக்கு முழுமையான கணித நிறுவலை ஜீன் டெய்லர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1976இல் வெளியிட்டார். பிளாட்டோவின் நூல் வந்து நூற்றுமூன்று ஆண்டுகள் கழித்து!

தட்டையும் அவர் மறந்துவிடவில்லை. 1849இல், பார்வையிழந்து ஆறாண்டுகள் ஆன பின், அதை மேம்படுத்தும் வழிகளைப் பற்றி எழுதினார். ஒளி ஊடுருவும் தட்டுச் செய்தால் ஒரே நேரத்தில் பலர் பார்க்கலாம் என்றார். சார்லஸ் வீட்ஸ்டன் தெரிவித்த எண்ணம் ஒன்றையும் அதில் எடுத்துக்கொண்டார்: ஒளிப்படங்களைக் கொண்டு, இரு கண்ணாலும் கன பரிமாணத்தில் காணும் கருவியோடு தட்டை இணைப்பது. அதற்காகச் சுதையில் பதினாறு உருவங்களைச் செய்து, ஒவ்வொன்றிலும் சிறு சிறு மாற்றம் காட்டிப் படம் பிடிக்கலாம் என்பது பிளாட்டோ சொன்ன வழி. பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுக்கும் கலை பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால், கண் தெரியாத ஒருவர் அதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார். அந்தத் திட்டம் நிறைவேறவில்லை.

முதுமையில் அவர் எடுத்துக்கொண்ட கடைசிப் பெரும்பணி இன்னும் வியப்பானது. பார்வையில் தோன்றும் மயக்கங்களைப் பற்றிப் பழங்காலம் முதல் யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தொகுத்து, குறிப்புகளோடு அட்டவணையாக 1877 முதல் வெளியிடத் தொடங்கினார். ஒவ்வொரு நூலையும் யாரோ அவருக்குப் படித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

1883 செப்டம்பர் 15ஆம் நாள் கென்ட் நகரில் காலமானார். பாரிஸில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28இல். இடையே பன்னிரண்டு ஆண்டுகள். மகன் ஃபெலிக்ஸ் விலங்கியல் பேராசிரியராகி, மலரைத் தேடிப் பூச்சிகள் வருவது நிறத்தாலா மணத்தாலா என்று ஆராய்ந்தார். பூ வரைந்த பாட்டனாரின் பேரனல்லவா!

என் தட்டு இப்போது துறை ஆய்வகத்தில் அலைமானிக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் பிளவுகளைக் கறுப்புக் காகிதம் ஒட்டி மூன்றுக்குக் குறைத்துவிட்டேன். சன்னலோரம் நின்று, வெளிச்சம் படத்தின் மேல் படுமாறு பிடித்து, நொடிக்கு ஒரு சுற்று வீதம் சுழற்றிப் பாருங்கள். கண்ணாடி மட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும்.